இரவு டியூட்டிக்கும் இறுதித் தேர்வுக்கும் நடுவில்: மருத்துவ மாணவர்களுக்கான முழுமையான உடற்பயிற்சி வழிகாட்டி

பயிற்சி மருத்துவராகச் சேர்ந்து இரண்டாவது வாரம். இரவு இரண்டரை மணிக்கு மெடிக்கல் வார்டில் ஒரு பெரியவருக்கு இதயத் துடிப்பு நின்றுபோனது. அருகில் இருந்தவன் நான். கட்டிலோரம் கிடந்த முக்காலியில் ஏறி நின்று மார்பை அழுத்தத் தொடங்கினேன். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஒவ்வொரு அழுத்தமும் 5 செ.மீ.க்குக் குறையாமல், 6 செ.மீ.யைத் தாண்டாமல். பாடம் எனக்குத் தலைகீழ் மனப்பாடம். முதல் நிமிடம் சரியாகவே போனது. இரண்டாவது நிமிடத்தின் பாதியில் தோள்பட்டை எரிந்தது. நேராக இருக்க வேண்டிய முழங்கை மடங்கியது. எண்ணிக்கையைச் சொல்ல மூச்சு வரவில்லை. "தம்பி, ஆழம் போதவில்லை. இறங்கு, நான் பார்க்கிறேன்" என்று முதுநிலை மாணவர் ஒருவர் என்னை இறக்கிவிட்டு ஏறினார்.

பெரியவர் பிழைக்கவில்லை. அவருடைய நோயின் கடுமைக்கு, யார் அழுத்தியிருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று பிறகு சொன்னார்கள். ஆனாலும் 23 வயதில் என் கைகள் இரண்டு நிமிடம் தாங்கவில்லை என்பதை என்னால் மறக்க முடியவில்லை. அதுவரை உடற்பயிற்சி என்பது எடை குறைக்க விரும்புகிறவர்களின் விஷயம் என்று நினைத்திருந்தேன். இந்த வேலைக்கு அது ஓர் அடிப்படைத் தகுதி என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

இந்த வழிகாட்டியைத் தமிழ்நாட்டில் ஹாஸ்டலில் தங்கி எம்.பி.பி.எஸ். படிக்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். நான்கரை ஆண்டு படிப்பு, ஓராண்டு உறைவிடப் பயிற்சி. இந்த ஐந்தரை ஆண்டும் "பரீட்சை முடியட்டும், அப்புறம் தொடங்கலாம்" என்ற சொல்லிலேயே கரைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு பரீட்சை முடியும்போது அடுத்தது வாசலில் நிற்கும். ஓய்வு கிடைக்கட்டும் என்று காத்திருக்கும் எந்தத் திட்டமும் மருத்துவக் கல்லூரியில் நிலைப்பதில்லை. இருப்பதிலேயே மோசமான வாரத்திலும் செய்ய முடிகிற அளவுக்குச் சின்னதாக, வகுப்பு அட்டவணைக்குள்ளேயே பொருத்திக்கொண்டால் நிலைக்கும். கீழே உள்ள எல்லாப் படிகளையும் இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

படி 1: முதலில் உங்களையே ஒரு நோயாளியாகப் பாருங்கள்

மருந்து எழுதும் முன் நோயின் வரலாற்றைக் கேட்கிறோம் அல்லவா? அதையே இங்கேயும் செய்யுங்கள். ஒரு சின்ன நோட்டை எடுத்து ஏழு நாட்கள் மூன்று விஷயங்களை மட்டும் எழுதுங்கள்: எத்தனை நிமிடம் வேகமாக நடந்தீர்கள், எத்தனை நிமிடம் விளையாடினீர்கள் அல்லது பயிற்சி செய்தீர்கள், எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருந்தீர்கள். அந்த வாரத்தில் எதையும் மாற்ற வேண்டாம். உள்ளதை உள்ளபடி எழுதினால் போதும்.

சமூக மருத்துவத் துறையில் சர்வதேச உடல் செயல்பாட்டு வினாத்தாளைப் பார்த்திருப்பீர்கள். மருத்துவ மாணவர்களைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதன் கணக்கு எளிது. நடைக்கு 3.3, மிதமான செயல்பாட்டுக்கு 4, கடுமையான செயல்பாட்டுக்கு 8 என்று ஒரு மெட் மதிப்பு (சும்மா உட்கார்ந்திருப்பதைப் போல எத்தனை மடங்கு சக்தி செலவாகிறது என்ற அளவு) உண்டு. அதை நிமிடங்களாலும் நாட்களாலும் பெருக்க வேண்டும்.

ஒரு மூன்றாம் ஆண்டு மாணவியின் வாரத்தை எடுத்துக்கொள்வோம். ஹாஸ்டலில் இருந்து மருத்துவமனைக்குப் போக 15 நிமிடம், திரும்ப 15 நிமிடம், வாரத்துக்கு 6 நாள். 180 நிமிடத்தை 3.3 ஆல் பெருக்கினால் 594. சனிக்கிழமை மாலையில் 45 நிமிடம் இறகுப்பந்து; மிதமாக ஆடியதாக வைத்தால் 180. மொத்தம் 774 மெட் நிமிடங்கள். ஐந்து நாட்களுக்கு மேல் பரவி 600ஐத் தாண்டிவிட்டதால் அந்த வினாத்தாள் அவரை 'மிதமான' பிரிவில் சேர்த்துவிடும். பார்த்தால் மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நடையில் பாதி, தோழியோடு பேசியபடி, கைப்பேசியைப் பார்த்தபடி நடந்த நடையாக இருந்தால் 3.3 என்ற மதிப்பு அதற்குப் பொருந்தாது. தசைக்கான பயிற்சி சுழியம். உட்கார்ந்திருந்த நேரமோ நாளுக்கு 11 மணி. மொத்த எண்ணோடு நிற்காமல், அதற்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

வார்டில் மூன்று மணி நேரம் நின்றதை உடற்பயிற்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள். ரவுண்ட்ஸில் கட்டிலுக்குக் கட்டில் நகர்வது கால்வலியைத் தரும், இதயத்துக்கு வேலை தராது. உட்கார்ந்திருக்கும் நேரத்தைக் குறைக்கிறது என்ற அளவில் அது நல்லதுதான்.

அடுத்து ஓர் அளவீடு. முதலாண்டு உடலியங்கியல் ஆய்வகத்தில் உடற்பயிற்சிக்கு முன்னும் பின்னும் நாடியையும் ரத்த அழுத்தத்தையும் எடுத்து ரெக்கார்டில் எழுதியிருப்பீர்கள். கையெழுத்து வாங்கியதோடு அதை மறந்திருப்பீர்கள். இப்போது உங்களுக்காக ஒருமுறை செய்யுங்கள். சுமார் 30 செ.மீ. உயரமுள்ள படி அல்லது பலகை ஒன்று போதும். நிமிடத்துக்கு 24 முறை ஏறி இறங்கும் வேகத்தில் மூன்று நிமிடம். முடிந்த உடனே உட்கார்ந்து ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணுங்கள். கிடைத்த எண்ணைத் தேதியோடு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். அறைத் தோழரின் எண்ணோடு ஒப்பிட வேண்டாம். மூன்று மாதம் கழித்து வரும் உங்கள் எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

படி 2: தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை

இளம் வயதுதானே என்று இதைத் தாண்டிப் போகாதீர்கள். ஓடும்போது மயங்கி விழுந்த அனுபவம், உழைப்பின்போது நெஞ்சுவலி, காரணமில்லாத படபடப்பு, குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்த வரலாறு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் இதயப் பரிசோதனை. ஆஸ்துமா இருந்தால் இன்ஹேலர் பையில் இருக்கட்டும். மாணவிகள் ஹீமோகுளோபினைப் பார்த்துவிடுங்கள். 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அதற்குச் சிகிச்சை எடுக்காமல் "எனக்கு ஸ்டாமினா இல்லை" என்று பல மாதம் தன்னையே குறை சொல்லிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

படி 3: எவ்வளவு வேண்டும்?

உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை இது: 18 முதல் 64 வயது வரை உள்ளவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான செயல்பாடு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான செயல்பாடு. அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது பெரிய தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி. உட்கார்ந்திருக்கும் நேரத்தைக் குறைக்கவும் சொல்கிறது.

அந்தப் பரிந்துரையில் மருத்துவ மாணவருக்கு மிகவும் உதவும் மாற்றம் ஒன்று இருக்கிறது. குறைந்தது 10 நிமிடம் தொடர்ந்து செய்தால்தான் கணக்கில் வரும் என்று முன்பு சொல்லிவந்தார்கள். 2020இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். மூன்று நிமிடம் வேகமாகப் படி ஏறினாலும் கணக்கில் வரும். துண்டு துண்டாகத்தான் நேரம் கிடைக்கும் என்ற நிலையில் இருக்கும் நமக்கு இது பெரிய வரம்.

மிதமானதா, கடுமையானதா என்று அறிய கருவி வேண்டாம். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதம். நாலு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு வாங்க நிற்க வேண்டியிருந்தால் கடுமை. எண்ணாகத் தெரிய வேண்டும் என்றால், 20 வயதில் உச்ச இதயத் துடிப்பைத் தோராயமாக 200 என்று வைத்துக்கொண்டு, நிமிடத்துக்கு 128 முதல் 152 வரை மிதம் என்று கொள்ளுங்கள்.

படி 4: எந்த ஆண்டில் எந்த நேரம்

திட்டங்கள் பெரும்பாலும் இங்கேதான் உடைகின்றன. "தினமும் காலை ஒரு மணி நேரம்" என்று முதலாண்டில் போடும் திட்டம், பயிற்சி மருத்துவர் ஆனதும் ஒரு வாரம்கூடத் தாங்காது. ஆகவே ஆண்டுக்கு ஆண்டு நேரத்தை மாற்றுங்கள், பழக்கத்தை மட்டும் விடாதீர்கள்.

முதலாண்டில் உடற்கூறியல் மலைபோலத் தெரியும். பிணவறுவை முடிந்து அறைக்கு வந்தால் ஃபார்மலின் வாசனை இன்னும் கையில் இருக்கும், கண் எரியும், படுத்தால் போதும் என்று தோன்றும். ஆனால் ஐந்தரை ஆண்டிலேயே மாலை நேரம் அதிகம் கிடைப்பது இந்த ஆண்டில்தான். வகுப்பு முடிந்ததும் நேராக மைதானம். ஆடத் தெரியுமா என்ற கேள்வியே வேண்டாம். கைப்பந்து, கபடி, இறகுப்பந்து, எதுவானாலும் ஒரு அணியில் சேர்ந்துவிடுங்கள். பிளஸ் டூவிலும் நீட் தயாரிப்பிலும் இரண்டு மூன்று ஆண்டு மைதானத்தையே பார்க்காமல் வந்தவர்கள்தான் உங்களில் பெரும்பாலோர். மைதானத்தில் கிடைக்கும் நண்பர்கள் படிப்பின் கடைசி நாள் வரை வருவார்கள். "வாடா, ஆள் குறைகிறது" என்று கதவைத் தட்டும் ஒரு நண்பன், எந்தக் கைப்பேசிச் செயலியையும்விட நம்பகமானவன்.

இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் காலையில் வார்டு போஸ்டிங், மதியம் வகுப்பு, மாலையில் களைப்பு. இந்தக் காலத்துக்கு நான் சொல்லும் விதி ஒன்றே ஒன்று: அறைக்குத் திரும்பியதும் கட்டிலில் உட்காராதீர்கள். உட்கார்ந்தால் கைப்பேசி, கைப்பேசியை எடுத்தால் தூக்கம். கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற மாதிரி ஷூவையும் மாற்று உடையையும் நாற்காலியில் வைத்துவிட்டுக் காலையில் கிளம்புங்கள். பையை வைக்கிறோம், உடையை மாற்றுகிறோம், வெளியே போகிறோம். மூன்றும் ஒரே மூச்சில் நடக்க வேண்டும்.

இறுதியாண்டில் மாலையிலும் வார்டில் நோயாளிகளைப் பார்த்து கேஸ் எடுக்க வேண்டியிருக்கும். அப்போது காலைதான் உங்களுடையது. ஆறு மணிக்கு எழுந்து 25 நிமிடம். சென்னை, மதுரை, திருச்சி வெயிலுக்கு அதுவே பாதுகாப்பான நேரமும்கூட. ஏப்ரல், மே மாதங்களில் காலை எட்டு மணிக்கு மேல் வெளியே ஓடுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

பயிற்சி மருத்துவர்களுக்குத் தனியாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

ஒரு பழக்கம் படிய எத்தனை நாள் ஆகும்? 21 நாள் என்று எல்லோரும் சொல்வார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரைப் பின்தொடர்ந்து பார்த்ததில் நடுமதிப்பு 66 நாட்கள் என்று வந்தது. ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் படிவது கெட்டுவிடவில்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள். மூன்றாவது வாரத்திலும் எழுந்திருக்கக் கஷ்டமாக இருந்தால், உங்களிடம் குறை ஒன்றும் இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

படி 5: மாடிப்படி

லிஃப்ட் வரிசையில் நிற்பதை நோயாளிகளுக்கும் ஸ்ட்ரெச்சருக்கும் விட்டுவிடுங்கள். அரசு மருத்துவமனைகளில் லிஃப்டுக்கு நிற்கும் நேரத்தில் நாலாவது மாடிக்கு நடந்தே போய்விடலாம்.

ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டனின் இரட்டை அடுக்கு பஸ்களில் வேலை பார்த்தவர்களை ஆராய்ந்து 1953இல் லான்செட் இதழில் எழுதினார். நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களைவிட, டிக்கெட் கொடுக்க மாடிப்படியில் நாள் முழுக்க ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. உடல் உழைப்புக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றிய இன்றைய ஆய்வுகளுக்கெல்லாம் அது ஒரு தொடக்கம். நடத்துநர்கள் யாரும் உடற்பயிற்சி என்று நினைத்து அதைச் செய்யவில்லை. அது அவர்கள் வேலையின் பகுதி. நம் வேலையிலும் மாடிப்படி இருக்கிறது. நாளுக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் மூன்று மாடி, பேச மூச்சு வாங்குகிற வேகத்தில் ஏறுங்கள். இறங்கும்போது கைப்பிடியைத் தொட்டபடி நிதானமாக.

படி 6: அறைக்குள்ளேயே தசைப் பயிற்சி

ஆண்கள், பெண்கள் இருவருமே அதிகம் விட்டுவிடுவது இதைத்தான். நோயாளியைக் கட்டிலில் இருந்து ஸ்ட்ரெச்சருக்கு மாற்றவும், அறுவை அரங்கில் வெட்டிய இடத்தை விரித்துப் பிடிக்கும் ரிட்ராக்டர் கருவியை இரண்டு மணி நேரம் பிடித்துக்கொண்டு நிற்கவும், மார்பை அழுத்தவும் இந்தத் தசைகள்தான் வேண்டும். ஜிம் தேவையில்லை. இரண்டு கட்டிலுக்கு நடுவே உள்ள இடம் போதும்.

வாரத்தில் இரண்டு நாள், நடுவில் குறைந்தது ஒரு நாள் இடைவெளி. ஒரு தடவைக்கு 20 நிமிடம்.

முதலில் இரண்டு நிமிடம் கை கால்களைச் சுழற்றி உடம்பைச் சூடாக்குங்கள். பிறகு பஸ்கி. பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, நாற்காலியில் உட்காரப் போகிற மாதிரி இடுப்பைப் பின்னால் தள்ளி இறங்குங்கள். குதிகால் தரையை விட்டு எழக் கூடாது. முழங்கால் உள்பக்கம் சாயக் கூடாது. 10 முறை. அடுத்தது தண்டால். தரையில் முடியவில்லை என்றால் சுவரில் கை வைத்துத் தொடங்குங்கள். அடுத்த மாதம் மேசை விளிம்பு, அதற்கு அடுத்த மாதம் தரை. தலை முதல் குதிகால் வரை ஒரே கோடாக இருக்க வேண்டும். எட்டு முறை. அடுத்து முதுகுக்கு: தோள்பையில் தடிமனான பாடப்புத்தகங்களைப் போட்டு, இடுப்பில் முன்னால் வளைந்து முதுகை நேராக வைத்து, ஒரு கையைக் கட்டிலில் ஊன்றி, மறு கையால் பையை விலா எலும்பு வரை இழுங்கள். ஒவ்வொரு கைக்கும் 10. கடைசியில் முழங்கையையும் கால்விரலையும் மட்டும் ஊன்றி உடம்பைப் பலகை போலப் பிடித்து 20 வினாடி. இந்த நான்கும் ஒரு சுற்று. ஒரு நிமிட ஓய்வுக்குப் பின் மறுபடியும். மூன்று சுற்று.

எல்லாச் சுற்றிலும் 12 முறை எளிதாக வரத் தொடங்கினால் கடினமாக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. பையில் இன்னொரு புத்தகம், பஸ்கியில் இறங்கும்போது மூன்று எண்ணும் அளவு தாமதம், தண்டாலில் இன்னும் தாழ்வான இடம். எண்ணிக்கையை 50, 100 என்று ஏற்றிக்கொண்டே போவதைவிட இந்த வழியே நல்லது.

படி 7: நடையில் இருந்து ஓட்டத்துக்கு

ஓட விருப்பமில்லாதவர் ஓட வேண்டாம். வேக நடையே 150 நிமிடத்தை நிரப்பும். ஓட ஆசைப்படுகிறவர்கள் முதல் நாளே மைதானத்தை நான்கு சுற்று ஓடி, அடுத்த நாள் கணைக்கால் முன்பக்க வலியோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். முதல் இரண்டு வாரம்: ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை, எட்டு முறை. அடுத்த இரண்டு வாரம் இரண்டுக்கு இரண்டு. பிறகு மூன்றுக்கு ஒன்று. பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம்தான் சரியான வேகம். வாரத்துக்கு மூன்று நாள் போதும். எட்டு வாரத்தில் 20 நிமிடம் நிற்காமல் ஓடுவீர்கள்.

படி 8: மாணவியர் விடுதியில் இருப்பவர்களுக்கு

2024இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியான ஆய்வு, இந்தியாவில் வயது வந்தோரில் ஏறத்தாழ பாதிப் பேர் 2022இல் போதிய உடல் செயல்பாடு இல்லாதவர்கள் என்று மதிப்பிட்டது. ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57 சதவீதம். இந்த 15 சதவீதப் புள்ளி வேறுபாட்டுக்குச் சோம்பல் காரணம் என்று சொல்கிறவர்கள் ஒரு மாணவியர் விடுதியின் கதவு நேரத்தைப் பார்த்ததில்லை. மாலை ஆறரைக்குள் உள்ளே, அதற்கு முன்னே வகுப்பு, மைதானத்தில் பையன்கள், வளாகத்துக்கு வெளியே நடந்தால் பின்னால் வரும் பைக். எனக்குத் தெரிந்த மாணவிகள் மூன்று பேர் விடுதி மொட்டை மாடியின் சாவியைக் கேட்டு வார்டனிடம் ஒரு மாதம் நடந்தார்கள்.

தனியாகக் கேட்காதீர்கள். பத்துப் பேர் கையெழுத்திட்டு, எழுத்தில், தெளிவாக மூன்று கோரிக்கைகள் வையுங்கள்: மைதானத்தில் மாணவிகளுக்கென வாரத்தில் குறிப்பிட்ட மாலைகள், காலை ஐந்தரைக்கு விடுதிக் கதவு, மொட்டை மாடிக்கோ காலி அறைக்கோ அனுமதி. உடற்கல்வி இயக்குநர் இருக்கும் கல்லூரியில் அவர் மூலமாகப் போனால் விரைவில் நடக்கும். அது கிடைக்கும் வரை தாழ்வாரத்தில் கயிறு தாண்டலாம், படி 6ஐ அறைக்குள் செய்யலாம், தோழிகளோடு சூரிய நமஸ்காரம் செய்யலாம். அதன் 12 நிலைகளையும் நிறுத்தாமல் பத்து சுற்று செய்தால் வியர்த்துவிடும்.

மாதவிடாய் நாட்களில் பயிற்சி செய்யக் கூடாது என்பதற்கு மருத்துவக் காரணம் ஏதுமில்லை. பலருக்கு மிதமான பயிற்சி வலியைக் குறைக்கிறது. முடியாத நாளில் ஓய்வெடுங்கள், அதற்கு யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டாம். சரியான அளவில், விளையாட்டுக்கென்று தைத்த உள்ளாடை ஒன்றுக்குச் செலவிடுவது வீண் செலவு ஆகாது. அது இல்லாத கூச்சத்தாலேயே ஓட்டத்தை விட்டவர்கள் உண்டு.

படி 9: தேர்வுக் காலம்

படிப்பு விடுமுறை வந்ததும் முதலில் கைவிடுவது பயிற்சியைத்தான். முழுத் திட்டத்தையும் அப்போது செய்யச் சொல்ல மாட்டேன். ஆனால் பூஜ்யத்துக்கு விடாதீர்கள். தேர்வுக் காலத்துக்கென்று குறைந்தபட்ச அளவு ஒன்றை முன்பே எழுதி வையுங்கள்: 50 நிமிடம் படிப்பு, ஐந்து நிமிடம் மாடிப்படி, மாலையில் 15 நிமிட நடை, வாரத்துக்கு ஒரே ஒரு தசைப் பயிற்சி. நடக்கும்போது காதில் பாடம் கேட்டுக்கொள்ளலாம், அல்லது நண்பரோடு மாறி மாறி வைவா (வாய்மொழித் தேர்வு) கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம். மண்டை நரம்புகள் பன்னிரண்டையும் நான் மைதானத்தைச் சுற்றி நடந்தபடி மனப்பாடம் செய்தேன். தேர்வுக்கு முந்தைய இரவு தூக்கத்தை வெட்டி உடற்பயிற்சி செய்யாதீர்கள். தூக்கத்தை வெட்டிப் படிக்கவும் வேண்டாம்.

படி 10: பயிற்சி மருத்துவரின் ஆண்டு

24 மணி நேர டியூட்டி முடிந்து வரும் காலையில் பயிற்சி வேண்டாம். அன்றைக்கு மருந்து தூக்கம். தூக்கக் கலக்கத்தில் பைக் ஓட்டவும் வேண்டாம். யாரையாவது கொண்டுவந்து விடச் சொல்லுங்கள், அல்லது டியூட்டி அறையிலேயே ஒரு மணி நேரம் தூங்கிவிட்டுக் கிளம்புங்கள். எழுந்த பிறகு மாலை வெளிச்சத்தில் 20 நிமிடம் நடந்தால் அன்றிரவு தூக்கம் ஒழுங்குக்கு வரும்.

மற்ற நாட்களுக்குக் கிழமையை வைத்துத் திட்டம் போட்டால் தோற்றுவிடுவீர்கள், ஏனென்றால் டியூட்டி கிழமை பார்த்து வருவதில்லை. மாதத்தின் டியூட்டிப் பட்டியல் ஒட்டப்பட்டதும் படம் பிடித்து, டியூட்டிக்கு முந்தைய நாள் தசைப் பயிற்சி, டியூட்டி நாளில் மாடிப்படி மட்டும், மறுநாள் மாலை நடை, அதற்கு அடுத்த நாள் ஓட்டமோ விளையாட்டோ என்று சுழற்சியாக வையுங்கள். நள்ளிரவு காபியையும் கவனியுங்கள். குடித்த காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். அதிகாலை நாலு மணிக்குக் குடித்த காபி காலை ஒன்பது மணித் தூக்கத்தைக் கெடுக்கும்.

படி 11: மெஸ் சாப்பாடு, தண்ணீர்

மெஸ்ஸில் சோறு மலையாகவும் பருப்பு துளியாகவும் வரும். உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை. 60 கிலோ என்றால் சுமார் 50 கிராம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம். இரண்டு முட்டை, மாலையில் ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு தம்ளர் பால், இரண்டு வேளையும் கெட்டியான பருப்பு என்று போனால் அதை எட்டிவிடலாம். புரதப் பொடி டப்பாவுக்கு வீட்டில் பணம் கேட்க வேண்டியதில்லை. வெறும் வயிற்றில் கடும் பயிற்சி செய்து மயங்கியவர்கள் உண்டு. காலையில் ஒரு வாழைப்பழமாவது சாப்பிடுங்கள்.

தெற்காசியர்களான நமக்கு உடல் நிறை குறியீட்டெண் (பி.எம்.ஐ.) 23இலேயே ஆபத்து தொடங்குகிறது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. வரம்பு. ஒல்லியாகத் தெரிந்தும் தொப்பை வைத்திருக்கிறவர்கள் எடை இயந்திரத்தைவிட அளவு நாடாவை நம்புங்கள்.

படி 12: வலி எது, ஆபத்து எது

புதிய பயிற்சிக்குப் பின் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் வரும் தசைவலி இயல்பானது. மெல்ல நடந்தால் குறையும். மூட்டுக்குள் குத்தும் வலி, ஒரே எலும்பில் ஒரே இடத்தைத் தொட்டால் வலி, வீக்கம் என்றால் நிறுத்திவிட்டு எலும்பியல் புறநோயாளிப் பிரிவுக்குப் போங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பழக்கமில்லாத உடம்பில் பந்தயத்துக்காகவோ யாரோ சொன்ன தண்டனையாகவோ நூற்றுக்கணக்கில் பஸ்கியும் தோப்புக்கரணமும் போட்டால் தசை நார்கள் சிதைந்து, அவற்றில் இருந்து ரத்தத்தில் கலக்கும் புரதம் சிறுநீரகத்தைத் தாக்கலாம். தாங்க முடியாத வலியும் வீக்கமும் இருந்து, சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போனால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். ஜூனியர் ஒருவருக்கு யாராவது இப்படித் தண்டனை கொடுப்பதைப் பார்த்தால் தடுங்கள், நிர்வாகத்திடம் சொல்லுங்கள்.

படி 13: விட்டுப்போனால்

விட்டுப்போகும். காய்ச்சல் வரும், வீட்டில் விசேஷம் வரும், தேர்வில் தவறிய துக்கம் வரும். ஒரு வாரம் விட்டிருந்தால் விட்ட இடத்திலேயே தொடருங்கள். இரண்டு மூன்று வாரம் என்றால் பாதி அளவில் தொடங்கி இரண்டு வாரத்தில் பழைய நிலைக்கு வாருங்கள். காய்ச்சல் இருக்கும் நாட்களில் கண்டிப்பாக வேண்டாம். எதிலும் மனம் ஒட்டாமல், தூக்கமும் பசியும் கெட்டு வாரக்கணக்கில் அறையை விட்டே வெளியே வராமல் இருந்தால், நடைப்பயிற்சியை மட்டும் நம்பி உட்காராமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

படி 14: நோயாளியிடம் சொல்வது

எரிக்கா ஃபிராங்க் என்ற மருத்துவர், அமெரிக்க மருத்துவ மாணவர்களையும் மருத்துவர்களையும் பல ஆண்டுகள் ஆராய்ந்து ஒரு தொடர்பைக் கண்டார்: தாங்கள் உடற்பயிற்சி செய்கிறவர்கள் நோயாளிகளிடமும் அதைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள். எனக்கு அது அனுபவத்தில் தெரிந்தது. நீரிழிவு புறநோயாளிப் பிரிவில் ஓர் அம்மா என்னிடம், "எங்கே சாமி நடப்பது? எங்கள் தெருவில் நாய், ரோட்டில் லாரி" என்றார். பயிற்சி செய்யாத காலத்தில் இருந்திருந்தால் "கண்டிப்பாக நடக்க வேண்டும்" என்று சொல்லி அடுத்த சீட்டை எடுத்திருப்பேன். அன்றைக்கு அவர் வீட்டின் நீளத்தைக் கேட்டேன். மொட்டை மாடி இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. சாப்பிட்ட பின் மாடியில் பத்து நிமிடம், நாளுக்கு மூன்று வேளை என்று மாத்திரைக்குக் கீழே எழுதிக் கொடுத்தேன். நீங்களும் அப்படியே எழுதுங்கள்: எந்தப் பயிற்சி, எத்தனை நிமிடம், எந்த வேளை, எந்த இடம்.

படி 15: மூன்று மாதம் கழித்து

படி 1இல் செய்த மூன்று நிமிடப் பரிசோதனையை அதே உயரம், அதே வேகத்தில், அதே நேரத்தில் மறுபடி செய்து நாடியை எழுதுங்கள். தொடர்ந்து செய்தவர்களுக்கு எண் இறங்கியிருக்கும்.

பிறகு நண்பர் ஒருவரை அழைத்துக்கொண்டு கல்லூரியின் திறன் ஆய்வகத்துக்குப் போங்கள். ஆசிரியரிடம் அனுமதி கேட்டு, சி.பி.ஆர். (இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தும் முதலுதவி) பழகும் பொம்மையின் மார்பில் இரண்டு நிமிடம் அழுத்துங்கள். நண்பர் கடிகாரத்தைப் பார்த்து எண்ணட்டும். 200க்கும் 240க்கும் இடையே வர வேண்டும். உங்கள் முழங்கை மடங்குகிறதா, ஆழம் குறைகிறதா, எத்தனையாவது வினாடியில் குறைகிறது என்பதையும் அவர் பார்த்துச் சொல்லட்டும். அதையும் தேதி போட்டு, அந்த நோட்டின் முதல் பக்கத்தில், நாடித் துடிப்புக்குக் கீழே எழுதி வையுங்கள். அதன் பிறகு பொம்மையின் முன் நண்பர் முட்டி போடட்டும், நீங்கள் எண்ணுங்கள்.